ஜூபிட்டர் நோட்புக்கில் பின்னணி இழையின் வெளியீடு எங்கே போகிறது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரே நிரலுக்குள் மற்ற வேலைகளோடு இணையாக ஓடும் தனி வேலையை, அதாவது பைத்தானில் த்ரெட் என்று சொல்வதை, இந்த வழிமுறை நெடுகிலும் இழை என்றே குறிப்பிடுகிறேன். ஜூபிட்டர் நோட்புக்கில் ஓர் இழையைத் தொடங்கிவிட்டு அடுத்த செல்லில் வேறு வேலையைப் பார்க்கும் வழக்கமுள்ள எவருக்கும், அந்த இழை அச்சிட்ட வரிகள் எங்கே போயின என்று ஒரு நாளாவது தேட நேர்ந்திருக்கும். பெரும்பாலான சமயங்களில் அந்த வரிகள் அழிந்துபோவதில்லை; நாம் பார்த்துக்கொண்டிருக்காத ஓரிடத்திற்குப் போயிருக்கின்றன. அந்த இடம் எது என்பதை அறிகுறியை வைத்தே ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. டெர்மினலில் நேரடியாக ஓடும் பைத்தான் நிரலில், பிரிண்ட் கட்டளை எழுதும் சிஸ்.எஸ்டிடிஅவுட் என்பது இயங்குதளம் கொடுத்த ஒரு கோப்பு. நோட்புக்கின் கெர்னலிலோ (செல்களில் எழுதிய கட்டளைகளைப் பின்னால் இயக்கும் பைத்தான் நிரல் அது) அந்த இடத்தில் வேறொரு பொருள் அமர்த்தப்பட்டிருக்கிறது. அது தன்னிடம் வரும் எழுத்துகளைச் சிறிது நேரம் சேர்த்துவைத்து, செய்தியாகக் கட்டி, ஐஓபப் என்னும் தடத்தின் வழியாக உலாவிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு செய்தியிலும் அது எந்தக் கோரிக்கைக்கான பதில் என்று சொல்லும் ஒரு முகவரிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். பேரன்ட் ஹெடர் என்று அதற்குப் பெயர். உலாவி அந்தச் சீட்டைப் படித்துத்தான் எழுத்துகளை உரிய செல்லின் கீழே வைக்கிறது. செல் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மை இழை அச்சிடுவதில் குழப்பத்திற்கு இடமில்லை. செல் முடிந்த பிறகும் உயிரோடிருக்கும் பின்னணி இழை ஒரு வரியை அச்சிட்டால் அதற்கு எந்தச் சீட்டை ஒட்டுவது என்பதுதான் சிக்கல்.

உங்கள் கெர்னல் என்ன செய்கிறது என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். 1 நொடி இடைவெளியில் 20 முறை, வரிசை எண்ணையும் அப்போதைய நேரத்தையும் அச்சிடும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி, அதை ஓர் இழையில் தொடங்குங்கள். செல் உடனே முடிந்துவிடும்; எண்கள் வந்துகொண்டிருக்கும். ஐந்தாம் எண் வந்ததும் கீழேயுள்ள செல்லில் இரண்டும் மூன்றும் கூட்டிப் பாருங்கள். ஆறாம் எண் எந்தச் செல்லின் கீழே விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் 20 எண்களும் எங்காவது வந்துவிட்டால் கெர்னலில் குறையில்லை. உங்கள் செயற்கூற்றிலோ அதைத் தொடங்கிய முறையிலோதான் தேட வேண்டும்.

அறிகுறி: இழையைத் தொடங்கினேன், ஒரு வரிகூட வரவில்லை

முதலில் இழை உயிரோடிருக்கிறதா என்று பாருங்கள். த்ரெட்டிங்.எனுமரேட்() என்று கேட்டால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் இழைகளின் பட்டியல் கிடைக்கும். கெர்னல் தன் சொந்தத் தேவைக்காக வைத்திருக்கும் இழைகளும் அதில் இருக்கும்; அவற்றிடையே உங்கள் இழையை அடையாளம் காண்பதற்காகவேனும், தொடங்கும்போதே நேம் என்ற அளவுருவில் ஒரு பெயர் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

பட்டியலில் உங்கள் இழை இல்லையென்றால், அது தொடங்கவே இல்லாமல் இருக்கலாம், அல்லது பிழையில் விழுந்து முடிந்திருக்கலாம். தொடங்காததற்கு வழக்கமான காரணம் ஓர் அடைப்புக்குறி. டார்கெட் அளவுருவில் செயற்கூற்றின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டிய இடத்தில் பெயரோடு () சேர்த்து எழுதிவிட்டால், செயற்கூறு அங்கேயே முதன்மை இழையில் ஓடி முடிந்து, அது திருப்பித் தந்த மதிப்புதான் இழையிடம் போய்ச் சேரும். பெரும்பாலும் அது நன் (None) என்ற வெற்று மதிப்பாக இருக்குமாதலால் இழை எதையும் செய்யாமல் அமைதியாக முடிந்துவிடும். வெளியீடு செல்லின் கீழே ஒழுங்காக வந்தும், செல் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் இதைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். ஸ்டார்ட்() என்பதற்குப் பதிலாக ரன்() என்று அழைத்தாலும் இதே நிலைதான்.

பிழையில் விழுந்து முடிந்த இழைகளில் இரண்டு வகை உண்டு. நேரடியாக உருவாக்கிய இழையில் பிடிக்கப்படாத பிழை எழுந்தால் பைத்தான் அதன் விவரத்தைப் பிழைச் செய்திகளுக்கான வெளியீடாகிய எஸ்டிடிஎர்-இல் எழுதும். அந்த எழுத்துக்கும் முகவரிச் சீட்டுச் சிக்கல் உண்டு என்பதால், சிவப்புப் பின்னணியுள்ள அந்தப் பிழை அறிக்கை நீங்கள் மேலே தள்ளிவிட்டுவந்த ஏதோ ஒரு செல்லின் கீழே கிடக்கலாம். நோட்புக் முழுவதையும் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். பைத்தான் 3.8 முதல் த்ரெட்டிங்.எக்செப்ட்ஹூக் என்ற கொக்கி உண்டு. அதில் உங்கள் சொந்தச் செயற்கூற்றைப் பொருத்தினால், எந்த இழை எந்தப் பிழையில் விழுந்தாலும் அதன் விவரத்தை ஒரு பட்டியலில் சேர்த்துவைத்து, வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் வகை இதைவிடப் பொல்லாதது. கன்கரன்ட்.ஃபியூச்சர்ஸ் தொகுதியின் த்ரெட்பூல்எக்ஸிகியூட்டர் வழியாக வேலையை ஒப்படைத்தால், பிழை எழும்போது அது எங்கும் அச்சிடப்படுவதில்லை. அந்தப் பிழை, சப்மிட்() திருப்பித் தந்த ஃபியூச்சர் பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது; அந்தப் பொருளிடம் ரிசல்ட்() கேட்கும்போதுதான் வெளியே வருகிறது. பலர் சப்மிட்() தந்த பொருளை எந்த மாறியிலும் வைக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் பிழையும் அதோடு போய்விடும். நூறு கோப்புகளைப் பதிவிறக்கும் வேலையை ஒப்படைத்துவிட்டு, இணைய முகவரியில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததால் நூறும் முதல் வரியிலேயே விழுந்துகிடக்க, இணைப்பு மெதுவாக இருக்கிறதென்று அரை மணி நேரம் காத்திருந்தவன் நான். ஃபியூச்சர்களை ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றிடமும் ரிசல்ட்() கேளுங்கள். அல்லது ஆட்_டன்_கால்பேக்() வழியாக, முடிந்ததும் பிழை உண்டா என்று பார்க்கும் சிறு செயற்கூற்றைச் சேருங்கள்.

இழை உயிரோடிருந்தும் வரி வரவில்லையென்றால், அது அச்சிடுவது எதைக் கொண்டு என்று பாருங்கள். பிரிண்டுக்குப் பதிலாக லாக்கிங் தொகுதியின் இன்ஃபோ() பயன்படுத்தப்பட்டிருந்தால், அந்தத் தொகுதியின் இயல்பான வாசல் வார்னிங் நிலையில் இருப்பதால் அதற்குக் கீழுள்ள இன்ஃபோ, டீபக் நிலைச் செய்திகள் உள்ளேயே தடுக்கப்பட்டுவிடும். நிலையைத் தாழ்த்துவதற்காகப் பேசிக்கான்ஃபிக்() அழைத்தும் பயனில்லையென்றால், வேறேதோ ஒரு நூலகம் அதற்கு முன்பே எல்லா லாகர்களுக்கும் மேலான வேர் லாகரில், செய்திகளை வெளியே எழுதும் ஒரு ஹேண்ட்லரை இணைத்திருக்கலாம். அப்படி இணைக்கப்பட்டிருந்தால் பேசிக்கான்ஃபிக்() எதையும் செய்யாமல் திரும்பிவிடும். ஃபோர்ஸ் என்ற அளவுருவை ட்ரூ ஆக்கி மீண்டும் அழையுங்கள்.

அறிகுறி: வரிகள் வேறொரு செல்லின் கீழே தோன்றுகின்றன

இதுதான் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. ஜூபிட்டரின் பைத்தான் கெர்னலாகிய ஐபைகெர்னலின் நெடுங்கால நடத்தை இதுதான்: பின்னணி இழை எதை அச்சிட்டாலும், கடைசியாக எந்தச் செல் இயக்கப்பட்டதோ அதன் சீட்டையே ஒட்டும். ஆகவே நீங்கள் செல்களை ஒவ்வொன்றாக இயக்கிக்கொண்டே போனால், இழையின் வரிகளும் உங்களைப் பின்தொடர்ந்து செல் செல்லாக இறங்கிவரும். பிற்காலப் பதிப்புகளில் இழையைத் தொடங்கிய செல்லுக்கே அதன் வெளியீட்டை அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது. உங்களிடமிருப்பது எந்த நடத்தை என்பதை மேலே சொன்ன 20 எண் சோதனை காட்டிவிடும். நீங்கள் எழுதும் நோட்புக்கை வேறொருவர் வேறொரு கணினியில் திறப்பார் என்றால், இரண்டில் எதையும் நம்பி எழுதாதீர்கள்.

இந்த இடத்தில் பலரும் கைவைப்பது கான்டெக்ஸ்ட்லிப் தொகுதியிலுள்ள ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட் கருவியின் மீது. இழையின் செயற்கூற்றை அதற்குள் சுற்றிவைத்தால் அந்த இழையின் வரிகள் மட்டும் திசைமாறும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் சிஸ்.எஸ்டிடிஅவுட் என்பது ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முழுமைக்கும் பொதுவான ஒரே மாறி. ஓர் இழை அதை மாற்றினால் எல்லா இழைகளுக்கும் மாறிவிடுகிறது. விளைவாக, நீங்கள் அடுத்த செல்லில் சாதாரணமாக அச்சிடும் வரியும் காணாமல் போகும்; இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் இதைச் செய்து, தொடங்கிய வரிசைக்கு மாறாக முடித்தால், கடைசியில் எஸ்டிடிஅவுட் பழைய நிலைக்குத் திரும்பாமல் ஏதோ ஒரு நினைவகப் பொருளைச் சுட்டிக்கொண்டே நின்றுவிடும். இந்தக் கருவி பெரும்பாலான பல இழை நிரல்களுக்கு ஏற்றதல்ல என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. உங்கள் நோட்புக்கில் எந்தச் செல்லிலும் பிரிண்ட் வேலை செய்யவில்லை, ஆனால் மதிப்புகள் மட்டும் கீழே தெரிகின்றன என்றால், இந்த வினைதான் நடந்திருக்கும். கெர்னலை மீண்டும் தொடங்குவதே அதற்குச் சுருக்கமான வழி.

ஐபைவிட்ஜெட்ஸ் நூலகத்தின் அவுட்புட் விட்ஜெட்டும் வித் என்ற சொல்லோடு பயன்படுத்தும்போது இழைகளிடம் முழுதாக நம்பத்தக்கதல்ல. அது செய்வது, அப்போதைய முகவரிச் சீட்டைக் கொண்ட செய்திகளையெல்லாம் தன் பெட்டிக்குள் இழுத்துக்கொள்வது. இழை எந்தச் சீட்டோடு அச்சிடுகிறது என்பதே நிச்சயமில்லாதபோது, எதை இழுக்கும் எதை விடும் என்பதும் நிச்சயமில்லை. அதே விட்ஜெட்டின் அப்பெண்ட்_எஸ்டிடிஅவுட்() என்ற முறை சீட்டைப் பார்ப்பதில்லை. கொடுத்த எழுத்தை நேராகப் பெட்டிக்குள் சேர்க்கிறது. இழைக்குள்ளிருந்து பிரிண்டை விட்டுவிட்டு இதை அழைத்தால் வரிகள் வேறெங்கும் சிதறா. ஒரு குறை உண்டு: ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் பெட்டியின் உள்ளடக்கம் முழுவதும் மீண்டும் உலாவிக்கு அனுப்பப்படுகிறது, எனவே சில நூறு வரிகள் வரை சரி, ஆயிரக்கணக்கில் போனால் நோட்புக் திணறும்.

நான் பெரும்பாலும் கைக்கொள்வது டிஸ்ப்ளே ஐடி வழியை. டிஸ்ப்ளே() செயற்கூற்றை அழைக்கும்போது டிஸ்ப்ளே_ஐடி என்ற அளவுருவுக்கு ட்ரூ கொடுத்தால், அது ஒரு கைப்பிடியைத் திருப்பித் தரும். இழைக்குள்ளிருந்து அந்தக் கைப்பிடியின் அப்டேட்() முறையை அழைத்தால், உலாவி செல்லின் சீட்டைப் பொருட்படுத்தாமல் அந்த ஐடி கொண்ட இடத்தைத் தேடிப்போய் அங்கேயிருப்பதை மாற்றி எழுதுகிறது. "340 கோப்புகளில் 127 முடிந்தன" என்பது போன்ற ஒற்றை நிலை வரிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. முந்தைய வரிகளும் வேண்டுமென்றால், நீள எல்லை 30 கொண்ட ஒரு டெக்கில் (எல்லை நிரம்பினால் பழைய வரியை விட்டுவிடும் பட்டியல், deque) வரிகளைச் சேர்த்து, அந்த 30 வரிகளையும் ஒன்றாக இணைத்து ஒவ்வொரு முறையும் எழுதலாம்.

அறிகுறி: வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, வெற்று வரிகள் இடையில் வருகின்றன

பிரிண்ட் தன் எழுத்தையும் வரி முடிவையும் தனித்தனியாக எழுதுகிறது. இரண்டுக்கும் இடையில் பைத்தான் வேறோர் இழைக்கு முறை கொடுத்துவிட்டால், இரண்டு இழைகளின் எழுத்துகள் ஒரே வரியில் ஒட்டி, இரண்டு வரி முடிவுகளும் அடுத்தடுத்து வந்து ஒரு வெற்று வரியை உண்டாக்கும். வரி முடிவுக் குறியை எழுத்தோடே சேர்த்து, எண்ட் அளவுருவை வெற்றாக்கி அச்சிட்டால் பெரும்பாலும் தீரும். உறுதியாகத் தீர வேண்டுமானால் லாக் என்னும் ஒரு பூட்டை வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு மட்டுமே அச்சிடும் சிறு செயற்கூற்றை எல்லா இழைகளும் பயன்படுத்தட்டும். லாக்கிங் தொகுதியின் ஹேண்ட்லர்கள் இந்தப் பூட்டை ஏற்கெனவே தமக்குள் வைத்திருக்கின்றன.

அறிகுறி: வரிகள் தாமதமாக, மொத்தமாக வந்து கொட்டுகின்றன

கெர்னல் எழுத்துகளைச் சேர்த்துவைப்பது ஏறத்தாழ 0.2 நொடிதான், அதை எவரும் தாமதமாக உணர மாட்டார்கள். நிமிடக் கணக்கில் தாமதமானால் காரணம் வேறு. இழை தன் பங்குக்கு ஒரு துணைப் ப்ராசஸைத் தொடங்கி, அதன் வெளியீட்டைக் குழாய் வழியாகப் படிக்கிறதா என்று பாருங்கள். குழாயில் எழுதுகிறோம் என்று தெரிந்ததும் பெரும்பாலான நிரல்கள் வரி வரியாக அனுப்புவதை நிறுத்தி, பஃபர் என்னும் தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பும் வரை சேர்த்துவைக்கத் தொடங்கும். துணைப் ப்ராசஸும் பைத்தானாக இருந்தால் அதை மைனஸ் யு என்ற தெரிவோடு தொடங்குங்கள். அல்லது அதிலுள்ள பிரிண்டில் ஃப்ளஷ் அளவுருவை ட்ரூ ஆக்குங்கள்.

மற்றொரு காரணம், முதன்மை இழையோ வேறோர் இழையோ சி மொழியில் எழுதிய நீண்ட கணக்கீடு ஒன்றை, ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் பைத்தான் கட்டளைகளை இயக்கவிடும் ஜிஐஎல் பூட்டை விடாமலே செய்துகொண்டிருப்பது. அந்த நேரத்தில் மற்ற எந்த இழையாலும் பைத்தான் கட்டளை எதையும் இயக்க முடியாது. செய்திகளை அனுப்பும் கெர்னலின் சொந்த இழைக்கும் அதே கதி. அச்சிடும் வரியில் நேரத்தையும் சேர்த்திருந்தால் இதை எளிதில் பிரித்தறியலாம்: வரிகளிலுள்ள நேரம் சீராக இருந்து, திரையில் மட்டும் மொத்தமாக வந்தால் அனுப்புவதில் தடை, நேரங்களிலேயே பெரிய இடைவெளி இருந்தால் இழையே ஓடவில்லை.

அறிகுறி: நோட்புக்கில் இல்லை, ஜூபிட்டரைத் தொடங்கிய டெர்மினலில் இருக்கிறது

சி அல்லது சி++ நூலகம் ஒன்று நேரடியாக இயங்குதளத்தின் வெளியீட்டுக் கோப்பில் எழுதினால், பைத்தானின் சிஸ்.எஸ்டிடிஅவுட் அதைக் காண்பதே இல்லை. ஐபைகெர்னலின் 6ஆம் பதிப்பு முதல் லினக்ஸிலும் மேக்கிலும் இதையும் பிடித்து உலாவிக்கு அனுப்பும் முயற்சி உண்டு. விண்டோஸில் டெர்மினலையே பார்க்க வேண்டும்.

இழை என்று நினைத்து, தனித்தனி ப்ராசஸ்களைத் தொடங்கும் மல்டிப்ராசஸிங் தொகுதியைப் பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. தாய்ப் ப்ராசஸை அப்படியே நகலெடுக்கும் ஃபோர்க் முறையில் பிறந்த குழந்தைப் ப்ராசஸின் வரிகளைக் கெர்னல் ஒரு குழாய் வைத்துப் பெற்று நோட்புக்கில் காட்டிவிடும். ஆனால் விண்டோஸில் எப்போதும், புதிய பைத்தானையே தொடங்கும் ஸ்பான் முறைதான். மேக்கில் பைத்தான் 3.8 முதல் இயல்பாக அதுவே, லினக்ஸிலும் 3.14 முதல் ஃபோர்க் இயல்பாக இல்லை, ஃபோர்க்சர்வர் என்ற முறை வந்துவிட்டது. புதிதாகப் பிறக்கும் ப்ராசஸுக்கு நோட்புக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது நேரடியாக இயங்குதளத்தின் வெளியீட்டுக் கோப்பில் எழுதும்; விண்டோஸில் அதை டெர்மினலில்தான் காண முடியும். செல்லுக்குள் எழுதிய செயற்கூற்றை அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது. வேலையைப் பல குழந்தைப் ப்ராசஸ்களுக்குப் பகிரும் பூல் பயன்படுத்தினால், குழந்தைகள் ஒவ்வொன்றாக அட்ரிபியூட்எரர் என்று அலறிவிட்டு விழ, அவற்றின் இடத்தில் புதியவை பிறந்து அவையும் விழ, செல்லின் இடப்பக்க நட்சத்திரக் குறி போகாமல் நிற்கும். செயற்கூற்றைத் தனிக் கோப்பில் எழுதி, நோட்புக்கிற்குள் இம்போர்ட் செய்துகொள்வதே தீர்வு.

அறிகுறி: நிறுத்தினேன், ஆனாலும் வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வருகிறது

கருவிப்பட்டையிலுள்ள நிறுத்து பொத்தான் அனுப்பும் கீபோர்டுஇன்டரப்ட், முதன்மை இழைக்கு மட்டுமே போய்ச் சேரும். பின்னணி இழை அதை அறியாது. செல்லைத் திருத்தி மீண்டும் இயக்கினால் பழைய இழையும் ஓடும், புதிய இழையும் ஓடும். மாறியின் பெயர் புதிய இழைக்குப் போய்விடுவதால் பழையதைப் பிடிக்க உங்கள் கையில் எதுவும் இராது. திரையில் வரிகள் இரட்டிப்பது சிறு தொல்லைதான். இரண்டு இழைகளும் ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தால் தரவும் இரட்டித்துவிடும். த்ரெட்டிங்.எனுமரேட்() பட்டியலில் ஒரே பெயர் இருமுறை வந்தால் நோய் இதுதான்.

பைத்தானில் ஓர் இழையை வெளியிலிருந்து கொல்ல முறையான வழி கிடையாது. இழையே தானாக முடிய வேண்டும். ஆகவே ஒரு த்ரெட்டிங்.ஈவென்ட் பொருளை உருவாக்கி, இழையின் சுழலில் உறக்கத்திற்குப் பதிலாக அந்தப் பொருளின் வெயிட்() முறையைக் கால அளவோடு அழையுங்கள். ட்ரூ என்று வந்தால் சுழலை விட்டு வெளியேறட்டும். இழையைத் தொடங்கும் செல்லின் முதல் வரியிலேயே, பழைய ஈவென்ட் இருந்தால் அதற்கு செட்() கொடுத்து, பழைய இழை முடியும் வரை ஜாயின்() செய்துவிட்டுப் புதியதைத் தொடங்கும்படி எழுதினால், அந்தச் செல்லை எத்தனை முறை இயக்கினாலும் ஓர் இழைதான் ஓடும்.

அறிகுறி: நன்றாக வந்துகொண்டிருந்தது, இடையில் நின்றுவிட்டது

ஐஓபப் வீத எல்லை மீறப்பட்டது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு செல்லின் கீழே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜூபிட்டர் சேவையகம் வெளியீட்டுக்கு வைத்திருக்கும் இயல்பான எல்லை நொடிக்கு 10,00,000 பைட்டுகளும் 1,000 செய்திகளும் ஆகும். அதை மீறினால் உலாவியைக் காப்பாற்றுவதற்காகச் செய்திகளைத் தற்காலிகமாகக் கைவிடுகிறது. எல்லையை உயர்த்தும் அமைப்பு உண்டு. ஆனால் அந்த வேகத்தில் வரும் வரிகளை எந்தக் கண்ணும் படிக்கப்போவதில்லை என்பதால், ஆயிரத்தில் ஒன்றை மட்டும் அச்சிடுவதே அறிவுடைமை.

உலாவியின் தாவலை மூடிவிட்டு மறுநாள் திறந்தவர்களுக்கும் இதே அறிகுறி தெரியும். கெர்னல் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். இழையும் அச்சிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் வழக்கமான அமைப்பில் வெளியீட்டை நோட்புக் கோப்பில் சேர்க்கும் வேலை உலாவியுடையது. அது இல்லாத நேரத்தில் போன வரிகளைத் திரும்பப் பெற வழியில்லை. இரவு முழுவதும் ஓட வேண்டிய இழைக்கு லாக்கிங் தொகுதியின் ஃபைல்ஹேண்ட்லர் ஒன்றை இணைத்து, நேரத்தையும் இழையின் பெயரையும் ஒவ்வொரு வரியிலும் எழுதும்படி வடிவத்தை அமைத்துவிடுங்கள். காலையில் ஜூபிட்டரிலேயே ஒரு டெர்மினலைத் திறந்து, அந்தக் கோப்பின் மீது டெயில் கட்டளையை மைனஸ் எஃப் தெரிவோடு ஓடவிட்டால், இரவில் எழுதியவற்றின் கடைசி வரிகளும் இப்போது எழுதப்படுபவையும் ஒரே இடத்தில் தெரியும்.